தட்டில் மிச்சம் இருப்பதைப் பாருங்கள்

கேள்வி: என் அம்மாவுக்கு 78 வயது. அப்பா காலமான பிறகு கும்பகோணம் வீட்டைப் பூட்டிவிட்டு பெங்களூருக்கு அழைத்து வந்தோம். நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். பகலில் தனியாக இருந்தபோது அம்மா இரண்டு முறை விழுந்துவிட்டதால், ஹொரமாவு பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தோம். சேர்க்கும்போது 52 கிலோ இருந்தார். ஐந்து மாதத்தில் 46 கிலோ ஆகிவிட்டார். முட்டை கூடத் தொடாத சைவம். இருபது வருடமாகச் சர்க்கரை நோய். மெட்ஃபார்மின், கிளிமெபிரைடு மாத்திரைகளும், இரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரையும் சாப்பிடுகிறார். போன மாதம் ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) 6.4 வந்தது, டாக்டர் பாராட்டினார். அதனால் சாப்பாட்டுக் கட்டுப்பாட்டைத் தளர்த்த எங்களுக்குப் பயமாக இருக்கிறது. இல்லத்தில் கேட்டால், வேளாவேளைக்குக் கொடுக்கிறோம், வயதானால் மெலிவது சகஜம் என்கிறார்கள். சாம்பார் தித்திக்கிறது என்று அம்மா ஒதுக்குகிறார். ரசமும் மோரும்தான் இறங்குகிறது. சில நாட்களாகத் தண்ணீர் குடித்தால் புரையேறுகிறது. விடியற்காலையில் கொஞ்சம் குழப்பமாகப் பேசுகிறார், காபி குடித்ததும் தெளிந்துவிடுகிறார். நல்ல புரோட்டீன் பவுடர் ஒன்று சொல்லுங்கள். இல்லத்தை மாற்றலாமா என்றும் சொல்லுங்கள். இதற்கு நடுவில் ஏகாதசி விரதத்தையும் விடமாட்டேன் என்கிறார்; என்ன செய்வது?

— ஒரு வாசகி, பானசவாடி, பெங்களூர்

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் முதலில் கேட்டது புரோட்டீன் பவுடரை. அதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். போகிற போக்கில் எழுதியிருக்கும் மூன்று செய்திகள்தான் எனக்குக் கவலை தருகின்றன: 6.4 என்ற அந்த எண், விடியற்காலைக் குழப்பம், புரையேறுதல்.

முதலில் எடையைப் பேசிவிடுவோம். 52-இல் 6 கிலோ போனால் அது பதினொன்றரை சதவீதம். ஆறு மாதத்துக்குள் பத்து சதவீதத்துக்கு மேல் எடை குறைந்தால் அதைத் தீவிர ஊட்டக்குறைவு என்றுதான் உலகெங்கும் வகைப்படுத்துகிறார்கள். வயதானால் மெலிவது சகஜம் என்ற பேச்சை இல்லத்துக்காரர்கள் மட்டும் சொல்வதில்லை. நம் வீடுகளிலும் சொல்கிறோம், சில சமயம் மருத்துவமனையிலும் காதில் விழுகிறது. முதுமையில் தசை மெல்லக் கரைவது உண்மைதான், ஆனால் அது வருடக்கணக்கில் நடப்பது. ஐந்து மாதத்தில் ஆறு கிலோ போவதற்குக் காரணம் ஒன்று இருக்கும், அதைத் தேடியே ஆகவேண்டும். ஏற்கெனவே இரண்டு முறை விழுந்தவர் என்பதால் இன்னும் அவசரம். எடையோடு போவது பெரும்பாலும் தொடைத் தசைதான், அடுத்த முறை கால் தடுக்கும்போது தாங்கிப் பிடிக்க வேண்டியதும் அதுதான்.

ஒரு தையல் டேப்பை எடுத்துக்கொண்டு போய் அம்மாவின் கெண்டைக்காலை, பருத்த இடத்தில், சுற்றி அளந்து பாருங்கள். 31 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் தசை குறைந்திருக்கிறது என்று கொள்ளலாம். எடை மெஷின் இல்லாத இடத்திலும் இந்த அளவு கைகொடுக்கும். காலில் வீக்கம் இருந்தால் மட்டும் இதை நம்ப வேண்டாம்.

இனி அந்த 6.4. நாற்பது வயதுக்காரருக்கு வந்திருந்தால் நானும் பாராட்டியிருப்பேன். கிளிமெபிரைடு என்பது சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரை. அம்மா 52 கிலோ இருந்து ஒழுங்காகச் சாப்பிட்ட காலத்தில் எழுதிய அளவு அது. இப்போது உடம்பு சிறுத்துவிட்டது, சாப்பாடு பாதியாகிவிட்டது, மாத்திரை மட்டும் அப்படியே இருக்கிறது. இரவு ஏழு மணிக்கு ஒரு சப்பாத்தி, மறுநாள் எட்டரைக்கு டிபன் என்றால் நடுவில் பதின்மூன்றரை மணி நேரம். விடியற்காலையில் குழப்பம், சர்க்கரை போட்ட காபி குடித்ததும் தெளிவு என்றால் எனக்கு முதலில் தோன்றுவது சர்க்கரை தாழ்வுதான். இதை மறதி நோயின் ஆரம்பம் என்று நினைத்து வீட்டார் மாதக்கணக்கில் விட்டுவிடுவது உண்டு.

ஆகவே இந்த வாரமே இரண்டு மூன்று நாள், அதிகாலை மூன்று மணிக்கும் காலை காபிக்கு முன்பும் விரலில் குத்தி சர்க்கரை பார்த்து எழுதி வைக்கச் சொல்லுங்கள். குழப்பமாகப் பேசும் அந்த நேரத்தில் பார்ப்பது இன்னும் முக்கியம். 70-க்குக் கீழே இருந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, நிமிர்த்தி உட்கார வைத்து, மெதுவாகக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, ஆம்புலன்ஸ்தான். அந்தக் குறிப்பை டாக்டரிடம் காட்டி, எடை குறைந்ததையும் சொல்லி, மாத்திரையைக் குறைக்கலாமா என்று கேளுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அமெரிக்க நீரிழிவுச் சங்கம்கூட, பல நோய்களும் தளர்ச்சியும் உள்ள முதியவர்களுக்கு ஹெச்பிஏ1சி 8 வரை இருக்கலாம் என்று தளர்த்திச் சொல்கிறது. முதியோர் இல்லங்களில் இனிப்பே கூடாது என்ற வகைப் பத்தியம் தேவையில்லை என்றும் சொல்கிறது. அப்படிப் பத்தியம் வைத்தால் சாப்பாடு குறைந்து எடை போகிறது என்பதுதான் காரணம்.

அதே சந்திப்பில் மெட்ஃபார்மினைப் பற்றியும் கேளுங்கள். சிலருக்கு அது பசியைக் கெடுக்கும், வாயில் உலோகச் சுவை தரும். பல வருடம் சாப்பிட்டால் பி12 சத்து குறையும். முட்டை தொடாத சைவத்தில் அது மேலும் குறையும். பி12, ஹீமோகுளோபின், தைராய்டு, கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கான சோதனை), சோடியம், வைட்டமின் டி ஆகியவற்றைப் பார்த்துவிடுவது நல்லது. வயிற்றெரிச்சலுக்கு வருடக்கணக்கில் ஒரு மாத்திரை ஓடிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள், அதுவும் பி12-க்கு எதிரி. இரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதத்தின் அளவை வைத்துச் சத்து போதுமா என்று சிலர் தீர்ப்புச் சொல்வார்கள். உடம்பில் தொற்றோ வீக்கமோ இருந்தாலே அது இறங்கும் என்பதால் அந்த ஒரு எண்ணை நான் பெரிதாக எடுப்பதில்லை. புற்றுநோய், காசநோய், மனச்சோர்வு ஆகியவையும் இந்த வயதில் எடையைத் தின்னும். கணவரை இழந்து, ஊரை விட்டு, வீட்டையும் விட்டு வந்தவர் அவர். மனச்சோர்வு இருக்கிறதா என்று டாக்டர் கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

புரையேறுவதை விட்டுவிடாதீர்கள். தண்ணீர் குடித்ததும் இருமல் வருவதும், குடித்த பிறகு குரல் கரகரவென்று ஈரமாக ஒலிப்பதும் விழுங்கும் தசைகள் சோர்ந்ததற்கு அடையாளம். உணவு மூச்சுக்குழலுக்குள் போனால் நிமோனியா வரலாம். பேச்சு மற்றும் விழுங்கும் பயிற்சி தருபவர் ஒருவர் நேரில் பார்க்க வேண்டும். பெரிய மருத்துவமனைகளில் இருக்கிறார்கள், மைசூரில் இதற்கென்றே மத்திய அரசின் பேச்சு, செவித்திறன் நிறுவனம் இருக்கிறது. அதுவரை படுக்கையில் சாய்ந்தபடி எதையும் ஊட்ட வேண்டாம். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார வேண்டும், ஒரு வாய் விழுங்கிய பிறகே அடுத்த வாய் தர வேண்டும், சாப்பிட்டு அரை மணி நேரம் படுக்கக்கூடாது. தண்ணீரை மாவு போட்டுக் கெட்டியாக்கிக் கொடுப்பதை, பரிசோதித்தவர் சொன்னால் மட்டும் செய்யுங்கள். கெட்டியான தண்ணீரைப் பல பெரியவர்கள் குடிக்கவே மாட்டார்கள், பிறகு நீர்ச்சத்து இறங்கிவிடும்.

இங்கே ஒன்று கவனியுங்கள். அம்மாவுக்கு இறங்குகிற ஒரே சாப்பாடு என்று நீங்கள் சொல்லும் ரசம் சாதம்தான் விழுங்கச் சிரமமானது. வாய்க்குள் தண்ணீர் ஒரு பக்கம் ஓடும், சோற்றுப் பருக்கை ஒரு பக்கம் நிற்கும். குழையப் பிசைந்த பருப்பு சாதமும் தயிர் சாதமும் ஒரே பதமாக இருப்பதால் எளிது. வாயையும் ஒரு முறை டார்ச் அடித்துப் பாருங்கள். மெலிந்தவர்களுக்குப் பல்செட் தளர்ந்து ஈறைக் கடிக்கும், அதை வெளியில் சொல்லாமல் மென்று சாப்பிடுவதையே விட்டுவிடுவார்கள்.

இப்போது சாப்பாட்டுக்கு வருகிறேன். இல்லத்தின் அறிவிப்புப் பலகையில் தொங்கும் மெனுவை நான் படிப்பதே இல்லை. இட்லி, பொங்கல், கூட்டு, பாயசம் என்று எல்லாம் அதில் இருக்கும். நான் போனால் மதியம் ஒரு மணிக்கு, தட்டுகளை எடுக்கும் தள்ளுவண்டி பக்கத்தில் நின்றுகொள்வேன். ரசக் கிண்ணம் காலி, மோர் டம்ளர் காலி. சோறு ஓரத்தில் காய்ந்துபோய் அப்படியே, பருப்புக்கூட்டு தொட்ட அடையாளமே இல்லாமல் திரும்பி வரும். ஆட்கள் வழித்துக் கொட்டிவிட்டுப் பதிவேட்டில் சாப்பிட்டார் என்று எழுதுவார்கள். பொய் எழுதுவதாக அவர்கள் நினைப்பதில்லை. பரிமாறியதைத்தான் எழுதுகிறார்கள்.

எனவே மூன்று நாள், அதில் ஒன்று ஞாயிற்றுக்கிழமையாக இருக்கட்டும், ஒவ்வொரு வேளையும் தட்டில் எவ்வளவு போயிற்று என்பதை முழுசு, அரை, கால், தொடவில்லை என்று குறிக்கச் சொல்லுங்கள். முடியாதென்றால் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் தட்டை ஒரு போட்டோ எடுத்து அனுப்பினால் போதும். உங்கள் கடிதத்தில் இருப்பதையும் இல்லங்களில் வழக்கமாகத் தருவதையும் வைத்து நான் குத்துமதிப்பாகக் கணக்குப் போட்டேன். காலையில் ஒன்றரை இட்லி என்றால் மூன்று கிராம் புரதம். இரண்டு காபியில் இருக்கும் பால் மூன்று கிராம். மதியம் அரைக் கப் சாதம், ரசம், நீர்மோர் எல்லாம் சேர்ந்து நான்கு. மாலை பிஸ்கட்டில் ஒரு கிராம். இரவு சப்பாத்தியும் தண்ணீராக ஓடும் பருப்பும் ஐந்து, ஆறு. மொத்தம் இருபதைத் தொட்டால் அதிகம். முதியவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும், உடம்பு தேறவேண்டியவர்களுக்கு இன்னும் சற்று மேலே. அம்மாவுக்கு ஐம்பத்தைந்து கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். கிரியாட்டினின் அதிகம் என்று வந்தால் மட்டும் டாக்டரைக் கேட்டு இந்த அளவை மாற்ற வேண்டும்.

இருபதிலிருந்து ஐம்பத்தைந்துக்குப் போக, முதலில் பத்தியச் சீட்டைக் கிழிக்க வேண்டும். அம்மாவின் கட்டில் தலைமாட்டில் ஒட்டியிருக்குமே, சர்க்கரை, பிரஷர், கொலஸ்ட்ரால் என்று மூன்றுக்கும் சேர்த்து? இனிப்பு இல்லை, கிழங்கு இல்லை, வாழைப்பழம் இல்லை, உப்பு குறைவு, நெய் இல்லை, தேங்காய் இல்லை. இதை ஐம்பத்தெட்டு வயதில் யாரோ சரியாகத்தான் எழுதிக் கொடுத்திருப்பார்கள். அப்போதைய பயம் இருபது வருடம் கழித்து வரக்கூடிய மாரடைப்பு. இன்றைய ஆபத்து அடுத்த மாதம் உடையக்கூடிய இடுப்பெலும்பு. முதியோர் ஊட்டம் பற்றிய ஐரோப்பிய மருத்துவ வழிகாட்டிகள், உணவைக் குறைக்கும் கட்டுப்பாடுகளை முதியவர்களுக்குப் பொதுவாகத் தவிர்க்கவே சொல்கின்றன. இதயச் செயலிழப்பு, சிறுநீரகக் கோளாறு இருந்தால் உப்பு, நீர்க் கணக்கு வேறு. மற்றபடி ஒரு ஸ்பூன் நெய்யும் அரை வாழைப்பழமும் அம்மாவுக்குக் கெடுதல் செய்யாது. நெய் இல்லாததால் சோறு இறங்கவில்லை என்பதுதான் அவர் விஷயத்தில் நடக்கும் கெடுதல்.

தித்திக்கும் சாம்பாருக்கு வழி சமையலறையில்தான் இருக்கிறது. இந்த ஊர் இல்லங்களில் பெரும்பாலும் கன்னடக்காரச் சமையற்காரர்கள், பட்டர்கள் என்பார்கள், அவர்கள்தான் சமைக்கிறார்கள். அவர்கள் கைப்பழக்கத்தில் சாருக்கும் ஹுளிக்கும் (நம் ரசம், சாம்பார் மாதிரி) ஒரு கட்டி வெல்லம் விழுந்தே தீரும். ஐம்பது பேருக்கு நடுவில் உங்கள் அம்மாவுக்காக அதை நிறுத்தச் சொன்னால் நடக்காது, நடந்தாலும் இரண்டு நாள்தான். அதற்குப் பதில், வெந்த துவரம்பருப்பில் புளியும் வெல்லமும் சேரும் முன்பே ஒரு கிண்ணம் கெட்டியாக எடுத்து வைத்து, உப்பும் மஞ்சளும் போட்டுத் தரச் சொல்லுங்கள். தொவ்வெ என்று கேட்டால் பட்டருக்குச் சட்டென்று புரியும், அவர் வீட்டிலும் அதுதான் வைப்பார்கள். தனி வேலை எதுவும் இல்லை என்பதால் மாட்டேன் என்று சொல்லவும் காரணம் இருக்காது. முப்பது கிராம் பருப்பு வெந்தால் ஏழு கிராம் புரதம். மதியமும் இரவும் கிடைத்தால் பதினான்கு.

பரிமாறும் வரிசையை மாற்றுங்கள். நாம் சாம்பாரில் தொடங்கி, ரசத்துக்குப் போய், மோரில் முடிப்பவர்கள். கல்யாணப் பந்தியில் அது சரி. நாலு கவளத்தில் வயிறு நிறைந்துவிடுகிற 46 கிலோ அம்மாவுக்கு, பசி இருக்கும் முதல் ஐந்து நிமிடத்தில் கெட்டியானது போக வேண்டும். முதலில் நெய்யும் பருப்பும் பிசைந்த சாதம், உடனே கெட்டித் தயிர் பிசைந்த சாதம். ரசம் வேண்டுமென்றால் கடைசியில் ஒரு சின்ன டம்ளரில் குடிக்கட்டும். புரையேறுவதால் ஒவ்வொரு மடக்காக. சாப்பாட்டுக்கு நடுவில் தண்ணீர் வேண்டாம், இடைவேளையில் குடிக்கட்டும். காபி, மோர், பால் எல்லாம் சேர்த்துப் பெண்களுக்கு நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டருக்குச் சற்று மேல் தேவை. பெங்களூர்க் குளிரில் வயதானவர்களுக்குத் தாகமே தோன்றாது என்பதால் கேட்டு நினைவூட்ட வேண்டும்.

மீதியைப் பாலிலிருந்து எடுக்கலாம். 200 மில்லி பாலில் ஆறு முதல் ஏழு கிராம் புரதம் இருக்கிறது. அதிலேயே இரண்டு மேசைக்கரண்டி பால் பவுடரைக் கரைத்தால், அளவு கூடாமல் இன்னும் நான்கு கிராம் வந்துவிடும். காலையில் காபியைக் கால் டிகாக்‌ஷன், முக்கால் பால் என்ற கணக்கில் கலக்கச் சொல்வேன். கும்பகோணத்துக்காரர் டிகாக்‌ஷன் போதவில்லை என்று சண்டைக்கு வருவார், அந்தச் சண்டையைப் போட்டுத்தான் ஆகவேண்டும். பதினோரு மணிக்கு ராகிக் கஞ்சி, தண்ணீரில் காய்ச்சாமல் பாலில் காய்ச்சியது. நூறு கிராம் ராகியில் ஏறத்தாழ முன்னூற்றைம்பது மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. ஆனால் ராகி என்றால் சர்க்கரை ஏறாது என்ற நம்பிக்கை பொய். நைசாக அரைத்துக் கூழாக்கினால் அரிசிக் கஞ்சி போலவே ஏறும். பால் சேர்ந்தால் ஏறும் வேகம் குறையும். மாலையில் பிஸ்கட்டுக்குப் பதில் பனீர் துருவி உப்பும் மிளகும் தூவிய ஐம்பது கிராம், அதில் ஒன்பது கிராம் புரதம். தூங்கப்போகும் முன் ஒரு டம்ளர் பால். அந்தப் பதின்மூன்றரை மணி நேரப் பட்டினியை உடைப்பதற்காகவே இது கட்டாயம். அமெரிக்காவில் இரவுச் சாப்பாட்டுக்கும் காலை உணவுக்கும் நடுவே பதினான்கு மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது, போனால் படுக்கும் முன் சத்துள்ள சிற்றுண்டி தரவேண்டும் என்று முதியோர் இல்லங்களுக்குச் சட்டமே இருக்கிறது. நம் ஊரில் ஊழியர் ஷிஃப்ட் முடிவதை வைத்துத்தான் இரவுச் சாப்பாட்டு நேரம் முடிவாகிறது.

வீட்டிலிருந்து நீங்கள் கொண்டுபோக வேண்டியது ஒரு பாட்டில் பருப்புப் பொடி, ஒரு பாட்டில் நெய். பொட்டுக்கடலையும் துவரம்பருப்பும் வறுத்து, மாவாக நைசாக அரைத்தது. நெய்யும் பொடியும் சோற்றில் ஈரம் போகாமல் குழையவேண்டும், உலர்ந்த பொடி தொண்டையில் ஒட்டும். இட்லிக்கும் அதையே நல்லெண்ணெயில் குழைத்துத் தரலாம்.

இதையெல்லாம் ஒரே நாளில் ஏற்றிவிடாதீர்கள். நெடுநாள் குறைவாகச் சாப்பிட்ட உடம்புக்குத் திடீரென்று நிறையக் கொடுத்தால் இரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சரிந்து ஆபத்தாகலாம். இந்த வாரம் தொவ்வெயும் இரவுப் பாலும், அடுத்த வாரம் கஞ்சியும் பனீரும் என்று படிப்படியாக, டாக்டருக்குச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். முதல் மாதம் எடை இறங்காமல் நின்றாலே எனக்குத் திருப்தி.

பாலுக்கு ஏன் இவ்வளவு அழுத்தம் தருகிறேன் என்று கேட்கலாம். ஆஸ்திரேலியாவில் 60 முதியோர் இல்லங்களில், ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து இரண்டு வருடம் ஓர் ஆய்வு நடந்தது. 2021-இல் முடிவு வெளியானது. பாதி இல்லங்களில் வழக்கமான சாப்பாடு. மீதிப் பாதியில் பால், தயிர், பாலாடைக்கட்டி ஆகியவற்றைக் கூடுதலாகச் சேர்த்தார்கள், மருந்து எதுவும் சேர்க்கவில்லை. அந்த இல்லங்களில் எலும்பு முறிவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, இடுப்பெலும்பு முறிவு 46 சதவீதம் குறைந்தது, கீழே விழுவதும் 11 சதவீதம் குறைந்தது. சராசரி வயது 86. அந்த வயதிலும் சமையலறையால் எலும்பைக் காப்பாற்ற முடிந்திருக்கிறது. இந்தச் செய்தியை ஒரு தாளில் எழுதி இல்லத்தின் மேனேஜரிடமே கொடுக்கலாம். விழுந்து எலும்பு முறிந்தால் அவருக்கும் தலைவலிதானே.

பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பது அடுத்த கேள்வி. பரிமாறும் பெண் ஒடிசாவோ அசாமோ, ஹிந்தியும் அரைகுறைக் கன்னடமும் பேசுவார். அம்மாவுக்கு இரண்டும் தெரியாது. இன்னும் வேண்டுமா என்று அவர் எதைக் கேட்டாலும் அம்மா தலையை ஆட்டியிருப்பார், அவரும் அடுத்த தட்டுக்குப் போயிருப்பார். அந்த ஹாலில் தமிழ் பேசும் வேறு ஒரு பாட்டி இருக்கிறாரா என்று விசாரித்து, அதே மேசையில் உட்கார வைக்கச் சொல்லுங்கள். பெங்களூரில் அப்படி ஒருவர் இல்லாத இல்லம் அபூர்வம். நெதர்லாந்தில் ஐந்து இல்லங்களில் நடந்த ஓர் ஆய்வு நினைவுக்கு வருகிறது, 2006-இல் வெளியானது. தட்டில் போட்டுக் கொண்டுவந்து வைக்காமல், வீட்டைப் போல மேசையில் பாத்திரங்களை வைத்துச் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட வைத்தார்கள். ஆறு மாதத்தில் அந்தக் குழுவினரின் எடை காக்கப்பட்டது, தட்டில் வாங்கிச் சாப்பிட்டவர்களுக்கு இறங்கியது.

நீங்கள் ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்குப் போய் வருவீர்கள் என்று நினைக்கிறேன். அதை மதியம் பன்னிரண்டரைக்கு மாற்றுங்கள். இல்லத்தின் சாப்பாட்டையே காசு கொடுத்து வாங்கி, அம்மாவுடன் உட்கார்ந்து சாப்பிடுங்கள். சாம்பார் உண்மையிலேயே எப்படி இருக்கிறது, சோறு எவ்வளவு ஆறி வருகிறது, அம்மா எந்த வாயில் நிறுத்துகிறார், தட்டை எத்தனை நிமிடத்தில் எடுக்கிறார்கள் என்பதெல்லாம் ஒரே வேளையில் தெரிந்துவிடும். அவருக்கு முப்பது நாற்பது நிமிடம் வேண்டும். கண் மங்கியவராக இருந்தால் வெள்ளைத் தட்டில் தயிர் சாதம் தெரியவே தெரியாது, அடர்ந்த நிறத்தில் ஒரு தட்டு வாங்கிக் கொடுங்கள். பீங்கான் வேண்டாம், கனக்கும்.

பவுடர் கேட்டீர்கள். வாங்கலாம், ஆனால் மேலே சொன்னதை ஒரு மாதம் செய்த பிறகும் எடை இறங்கினால் வாங்குங்கள். நான் பார்க்கும் டப்பாக்களில் பாதி, சாப்பாட்டுக்குப் பதிலாகக் கொடுக்கப்படுகின்றன: பாட்டி சாப்பிடவில்லை, ஒரு டம்ளர் கலக்கிக் கொடுத்துவிட்டோம் என்று முடித்துவிடுகிறார்கள். அது இரண்டு வேளைக்கு நடுவில் தரவேண்டியது. லேபிளைத் திருப்பி நூறு கிராமில் புரதம் எத்தனை, சர்க்கரை எத்தனை என்று பாருங்கள். சிலவற்றில் புரதம் சாதாரணப் பால் பவுடரைவிடக் குறைவு, விலை மட்டும் பல மடங்கு. சர்க்கரை நோயாளிகளுக்கென்று படம் போட்டிருப்பதால் மட்டும் எதையும் வாங்காதீர்கள், டயட்டீஷியன் ஒருவரிடம் லேபிளைக் காட்டுங்கள்.

இல்லத்தை இப்போதே மாற்ற வேண்டாம் என்பது என் எண்ணம். ஒரு வருடத்துக்குள் மூன்றாவது இடம் என்றால் இருக்கிற பசியும் போய்விடும். மாதம் ஒரு முறை, அதே மெஷினில், காலையில் எடை பார்த்து உங்களுக்கு எழுத்தில் அனுப்புவது, மூன்று நாள் சாப்பாட்டுக் குறிப்பு, இரவுப் பால், தொவ்வெ ஆகிய நான்கையும் ஒரு கடிதமாக எழுதிக் கொடுங்கள். ஒரு மாதம் பாருங்கள். எடை பார்க்கவே மாட்டோம், சாப்பாட்டு நேரத்தில் குடும்பத்தார் வரக்கூடாது என்று சொன்னால் அன்றைக்கே வேறு இடம் தேடத் தொடங்குங்கள். சாப்பாட்டு ஹாலை மறைக்கும் இல்லம் எனக்கு ஆகாது. புறக்கணிப்பு என்று தோன்றினால் பெங்களூர் நகரக் காவல்துறையோடு சேர்ந்து நடக்கும் முதியோர் உதவி எண் 1090, தேசிய அளவில் 14567 இரண்டும் இருக்கின்றன.

ஏகாதசியைப் பற்றி. டாக்டர் சொன்னார் என்றால் அம்மா கேட்கமாட்டார், நீங்கள் சொன்னால் சுத்தமாகக் கேட்கமாட்டார். எட்டு வயதுக்கு மேல் எண்பதுக்குள் இருப்பவர்களுக்குத்தான் விரதம் என்று பெரியவர்கள் சொல்லும் கணக்கை எடுத்தால், எனக்கு இன்னும் இரண்டு வருடம் பாக்கி இருக்கிறது என்பார். நோயாளிக்கு விலக்கு உண்டு என்பதை அவர் மதிக்கும் ஒருவர், கும்பகோணத்து வாத்தியாரோ பெரியப்பாவோ, போனில் சொல்லட்டும். முழுப் பட்டினி இப்போது கூடவே கூடாது. அரிசியை மட்டும் விலக்கிப் பலகாரமாக எடுப்பது பல வீடுகளில் வழக்கம்தான்: காலையில் பால், பதினோரு மணிக்குப் பாலில் ராகிக் கஞ்சி, மதியம் குழைய வெந்த ரவை உப்புமாவும் கெட்டித் தயிரும், மாலை பனீர், இரவு பாலும் வாழைப்பழமும். மற்ற நாட்களைவிட அன்றைக்குச் சத்து குறையாது. அம்மா ஒப்புக்கொள்ளும் வரை, ஏகாதசி தேதிகளை முன்கூட்டியே இல்லத்தின் நர்ஸிடம் எழுதிக் கொடுத்து வையுங்கள். அவர் சாப்பிடாத நாளில் கிளிமெபிரைடு கொடுக்கலாமா, கூடாதா என்பதை டாக்டரிடம் எழுத்தில் வாங்கி அதோடு சேர்த்து வையுங்கள்.